சுங்கை சிப்புட்டில் ஆறு நாள்: ஒரு நோட்டும் நூறு சொல்லும்

முதல் நாள்

மலேசியாவின் ஈப்போவில் ரயிலை விட்டு இறங்கும்போது மணி மூன்று. அழைத்த தோழிக்குக் கோலாலம்பூரில் லீவு கிடைக்கவில்லை. கடைசி நாள்தான் வருவாளாம். "எங்க மாமா மவன் காடி எடுத்துட்டு வருவான், ஏறிக்கோ" என்று செய்தி அனுப்பியிருந்தாள். காடி என்றால் கார். கோயம்புத்தூரில் வண்டி என்போம். இந்த ஒரு சொல்லுக்கே நோட்டைத் திறந்துவிட்டேன்.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் மானுடவியல் படித்தேன். அப்புறம் வயிற்றுப்பாட்டுக்கு சப்டைட்டில் எழுதப் போய்விட்டேன். மொழியை வைத்து ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்று வகுப்பில் கேட்டதெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. "எங்க ஊர்த் தமிழ் வேற மாதிரி, ஒரு வாரம் வந்து இருந்து பாரு" என்று தோழி சொன்னதும் கிளம்பிவிட்டேன். நோட்டின் முதல் பக்கங்களில் மாரிஸ் ஸ்வாதேஷ் என்ற மொழியியலாளர் தொகுத்த அடிப்படைச் சொற்கள் நூறு. நான், நீ, கண், தண்ணீர், நாய், சாம்பல் என்று எந்த மொழியிலும் இருக்கக்கூடியவை. பக்கத்துக் கட்டங்களில் இந்த ஊர்ச் சொல்லை நிரப்பினால் ஆயிற்று என்பது என் திட்டம்.

ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போல. சுண்ணாம்புக்கல் மலைகள் திடீர் திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டினால் வரிசை வரிசையாகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தையாற்று ஊர்.

வழியெல்லாம் வண்டி ஓட்டியவரை அண்ணா, அண்ணா என்றே பேசிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் கண்டக்டர், பூக்காரர் எல்லோருமே அண்ணாதான். வீட்டு வாசலில் இறங்கி, தோழியின் அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, "பெட்டியை அண்ணா எடுத்துட்டு வர்றாருங்க" என்றேன். அம்மா சிரித்தார். பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பாட்டி இன்னும் பலமாகச் சிரித்தார். "இவளை அம்மாங்கிற, இவ அண்ணன் மவன் உனக்கு அண்ணனா? முறை மாறிப் போச்சே!"

அந்த மனிதர் காது சிவக்கப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வக்கீல் நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடியினரிடம் உறவுச்சொற்களைச் சேகரித்தார். அப்பாவின் அண்ணன் தம்பிகளையும் அவர்கள் அப்பா என்றார்கள். அம்மாவின் அண்ணன் தம்பிக்கு மட்டும் தனிச் சொல். மார்கன் கேள்விப் பட்டியல் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பினார். தென்னிந்தியாவில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரியார் வழியாகத் தமிழ்ச் சொற்கள் கிடைத்தபோது அசந்துபோனார். பெரியப்பா, சித்தப்பா ஒரு பக்கம், மாமா மறுபக்கம். அதே அமைப்பு! செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று 1871இல் பெரிய புத்தகமே போட்டார். அந்த முடிவுக்கு அவர் வந்த வழி தப்பு. தொடர்பே இல்லாத இரண்டு சமூகங்களில் ஒரே மாதிரி உறவுமுறை தனித்தனியாக உருவாகலாம். ஆனால் உறவுச்சொல் என்பது வெறும் பெயர் இல்லை, யாரை யார் கட்டலாம் என்பதுவரை அதில் அடங்கியிருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்க்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு அது வேலியோரப் பாட்டியிடம் அரை நிமிடத்தில் புரிந்தது.

நாளையிலிருந்து வண்டி ஓட்டியவரை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாம் நாள்

காலை ஏழு மணிக்கு வேலியோரம் அதே பாட்டி. "பசியாறியாச்சா?"

எங்கள் பக்கம் இந்தச் சொல்லைப் பெரியவர்கள் வாயில் எப்போதாவது கேட்பதோடு சரி. இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பெயர் பசியாற. டிபன் என்றால் யாருக்கும் புரிவதில்லை. கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லிப் பழக்கம், சொன்னேன்: "இன்னும் இல்லைங்க பாட்டி."

பத்தாவது நிமிடம் ஒரு தட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, மேலே அவித்த முட்டை, ஓரத்தில் சம்பல் என்று பாட்டி படியேறி வந்துவிட்டார். அம்மா அப்போதுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தார். அவர் முகம் போன போக்கை எப்படி எழுதுவது? வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டிருக்கிறாள் என்று நான் ஊருக்குச் சொன்னதாக ஆகிவிட்டது. இரண்டையும் சாப்பிட்டேன். மதியம்வரை குனிய முடியவில்லை.

ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் முதல் உலகப் போர் நடந்த வருடங்களில் தங்கியிருந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி இதைப் பற்றி 1923இல் எழுதியிருக்கிறார். நலமா, எங்கே கிளம்பிட்டீங்க, மழை வரும் போல என்பவை தகவல் கேட்கும் பேச்சில்லை, இரண்டு பேரை ஒட்டவைக்கும் பேச்சு என்றார். பரீட்சையில் அரைப்பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வேலியோரம் அது ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆச்சு பாட்டி, நீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மதியம் பாட்டியிடமே நோட்டோடு உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு வயது, பன்னிரண்டு வயதில் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டில் இறங்கியவர். பட்டியல் நகரவேயில்லை.

"சாம்பலுக்கு என்ன சொல்வீங்க?"

"எந்தச் சாம்பல்? அடுப்புலயா, கோயில்லயா?"

சரி, தோட்ட வேலைச் சொற்களாவது கேட்போம் என்றால், கித்தா மரம் (ரப்பர்), கத்தி, வாளி, மங்கு (பால் பிடிக்கும் கோப்பை), பால் என்று ஐந்து சொல் சொல்லிவிட்டு "வேற என்னா இருக்கு அதுல?" என்று கேட்டார். ஐம்பது வருட வேலை ஐந்து சொல்லில் முடிந்தது. பேத்தி ஒருத்தி, ஆறாம் ஆண்டு படிப்பவள், என் பக்கத்தில் நின்று நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுக்குச் சம்பளம் தருவாங்களா?"

இரவில் நோட்டைப் புரட்டினால் இன்னொரு கூத்து. தோட்டத்துக்கு இங்கே புழங்கும் ஒரு சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்: தீம்பார், தீம்பாரு, திம்பாறு. பாட்டி ஒரே மாதிரிதான் சொன்னார். மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் கனடாவின் பாஃபின் தீவில் இனுயிட் மக்களோடு இருந்துவிட்டு வந்து, தன் குறிப்புகளில் ஒரே சொல் பல எழுத்தில் கிடப்பதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இதைக் காட்டி, பழங்குடிகளுக்கு ஒலி நிலையாக இருப்பதில்லை, அவர்கள் மொழி வளராத மொழி என்று அறிஞர்களே பேசினார்கள். இல்லை, தடுமாறுவது கேட்பவன் காது. அவன் தன் தாய்மொழி ஒலிகளின் வழியாகத்தான் கேட்கிறான் என்று போவாஸ் 1889இல் எழுதினார். நான் கேட்டது என் தாய்மொழியை. அப்படியும் இந்த லட்சணம்.

மூன்றாம் நாள்

விடிகாலை ஐந்து மணி. மாமாவுக்கு, அதாவது தோழியின் மாமாவுக்கு, மூன்று ஏக்கர் கித்தா இன்னும் இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் செம்பனைக்கு மாறிவிட்டது. "மரம் பார்க்கணும்னா பாட்டியையும் கூட்டிட்டுப் போவோம்" என்றார். பாட்டி நெற்றியில் விளக்கைக் கட்டி, இடுப்பில் கொசுவர்த்தி புகையும் தகரத்தைத் தொங்கவிட்டு, எனக்கு முன்னால் போய் நின்றார். நேற்று நாற்காலியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா இவர்?

ஒரு மரத்தருகே நிறுத்தினார். முதலில் கத்தியைத் தொடவில்லை. போன வெட்டின் கோட்டில் காய்ந்து நூலாக ஒட்டியிருந்ததை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உரித்தார். "இது ஒட்டுப்பால்." மங்கைக் கவிழ்த்து அடியில் உறைந்திருந்த வெள்ளைக் கட்டியைத் தட்டினார். "இது கட்டிப்பால். ரெண்டையும் தனியாப் போடணும், விலை வேற." பிறகு கத்தி. இடது மேலிருந்து வலது கீழாக, மரத்தைப் பாதி சுற்றி ஒரே சாய்வில் இழுத்தார். சுருண்டு விழுந்த பட்டைச் சீவல் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். கோடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் முளைத்து, ஒன்று சேர்ந்து, ஓடி வந்து, மரத்தில் செருகிய தகரத்தின் நுனியில் ஒரு நொடி தயங்கி, மங்கில் சொட்டியது.

"வெட்டுறதுன்னு சொல்றோம், ஆனா வெட்டக் கூடாது. சீவணும். உள்ள மரத்துல பட்டுச்சுன்னா காயம். காயம் பட்ட எடம் முண்டா வளரும், அடுத்த சுத்துல அங்க கத்தி ஓடாது. கங்காணி பாத்தா அரை நாள் பேர் போச்சு."

நேற்று ஐந்து சொல்லோடு நின்றவர் இன்று நிறுத்தவில்லை. நெரை, அதாவது ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை. இரண்டு வாளியைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு. இருட்டோடு ஆள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் ஆயாக் கொட்டகை. எழுத எழுதத் தீரவில்லை. ஒவ்வொரு சொல்லும் கையில் ஒரு பொருளோ, காலடியில் ஒரு இடமோ வந்ததும்தான் வெளியே வருகிறது. ஒரு மரத்தைப் பார்த்து, "இது பால் மறுத்துருச்சு" என்றார். கன்று குடிக்க வந்தால் உதைக்கும் மாட்டை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம். நல்ல மரம் சுரக்கிறது, கெட்ட மரம் மறுக்கிறது. பாட்டியின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாடு மேய்த்தவராம். கப்பலேறி வந்து ஒரு புது மரத்தின் முன் நின்றவர்கள் பழைய தொழுவத்துச் சொற்களையே கொடுத்திருக்கிறார்கள். இது என் ஊகம், பாட்டியிடம் கேட்டதற்கு "பாலை பால்னு சொல்லாம வேற என்னான்னு சொல்றது?" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் வரவேண்டும் என்றால், விடியுமுன் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். இந்த மரமே இந்த மண்ணுக்குப் புதுசு. பிரேசில் விதையில் முளைத்து, லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பதை இங்கிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள கோலகங்சாரில் நட்டார்கள். ஒரு மரம் இன்னும் வேலி போட்டு நிற்கிறது. திரும்பும்போது பார்த்தோம். பாட்டி இறங்கவில்லை. "எத்தனை மரம் பாத்தாச்சு" என்று காடிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

நான்காம் நாள்

மழை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும், அதனால் வெட்டு இல்லை. எனக்கும் லீவு.

தோழியின் அப்பா தோட்ட லாரி ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். கோப்பி குடித்துக்கொண்டே சும்மா கேட்டேன், தோட்டத்து மேலாளர்களான தொரைமார் எந்த மொழியில் பேசுவார்கள் என்று.

"தமிழ்லதான். நல்லாவே பேசுவான் வெள்ளைக்காரத் தொரை. ஆனா எல்லாம் நீ வா, நீ போ. நீங்கன்னு ஒரு சொல் இருக்குன்னே அவனுக்கு யாரும் சொல்லித் தரலை போல. அதைப் பெரிசா எடுத்துக்கலை நாங்க." கோப்பியை ஆற்றினார். "அப்புறம் தமிழ் தொரை வந்தாரு. அவருக்கு நீங்க தெரியும். தெரிஞ்சே நீன்னாரு."

மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

நீ, நீங்கள் மாதிரி இரட்டைச் சொற்களில் அதிகாரமும் நெருக்கமும் எப்படி வேலை செய்கின்றன என்று ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் ஐரோப்பிய மொழிகளை வைத்து 1960இல் எழுதினார்கள். 1970களில் ஸ்டீபன் லெவின்சன் என்ற ஆய்வாளர் எங்கள் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, யார் யாரை நீ என்கிறார், யாருக்கு நீங்க திரும்பிப் போகிறது என்று சாதி வாரியாகப் பதிவு செய்தார். மரியாதைப் பேச்சைப் பற்றிப் பெனலப்பி பிரவுனோடு அவர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில் எங்கள் ஊர்த் தமிழும் ஒரு அடித்தளம். படிக்கும் காலத்தில் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. யாருடைய நீயைப் பொறுத்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

பாட்டி மாலையில் குடையோடு வந்தார். அவருக்கு வருடங்கள் கிடையாது, காலங்கள்தான். ஜப்பான்காரன் காலம், அது அவர் அம்மா சொன்னது. கம்பிவேலிக் காலம். துண்டாடல் காலம். 1948 ஜூன் 16இல் இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய மேலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவித்த அவசரகாலம் 1960வரை போனது. பாட்டி கம்பிவேலி என்பது அதைத்தான். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றது துண்டாடல். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று இந்த ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். "எந்த வருசம் கல்யாணம் பாட்டி?" என்றதற்கு, "கம்பி எடுத்தப்புறம், துண்டு போடுறதுக்கு முன்ன" என்றார். இதை எழுத என் பட்டியலில் கட்டம் இல்லை.

ஐந்தாம் நாள்

இரவுச் சந்தை. இங்கே பாசார் மாலாம். பெத்தாய் என்ற நெடியடிக்கும் காயைக் கொத்துக் கொத்தாகத் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்த பெண்கள் தெமியார் பழங்குடி மக்கள் என்றார் மாமா மகன். (பெயரும் இல்லாமல் முறையும் இல்லாமல் "இங்க பாருங்க" என்றே சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.) லாசா வழியாக மலைக்குள் போனால் அவர்கள் ஊர்கள்.

பெத்தாயை முகர்ந்து பார்த்தேன். அதன் வாசனைக்கு என்ன சொல்வது? சாதாரண மனிதராக இருந்தால் "நாத்தம்" என்று விட்டிருக்கலாம். எனக்கு ஜஹாய் மக்கள் ஞாபகம் வந்தது. இதே பேராக் மாநிலத்தின் வடக்குக் காடுகளில் வாழும் சின்னப் பழங்குடி. அவர்கள் மொழி தெமியார் மொழிக்கு உறவு மொழிதான். அஸிஃபா மஜீத், நிக்லாஸ் பியூரென்ஹுல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அவர்களிடம் வாசனைகளை முகரக் கொடுத்துக் கேட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதைப் போல, இதைப் போல என்று நீட்டி முழக்கி, ஆளுக்கொரு பதில் சொன்ன இடத்தில், ஜஹாய்க்காரர்கள் நிறத்துக்குப் பெயர் சொல்வதுபோல ஒரே சொல்லில் சொன்னார்கள். 2014இல் வெளியான ஆய்வு. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல். புலியை இழுக்கும் இரத்த வாடைக்கு ஒரு சொல், நசுக்கிய பேனுக்கும் அணில் இரத்தத்துக்கும் அதுதான். மனிதனுக்கு மூக்கு மந்தம், அதனால்தான் வாசனைக்குச் சொல் இல்லை என்ற பழைய எண்ணம் இதில் ஆட்டம் கண்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. நமக்கு கவுச்சி இருக்கிறதே? மீன், பச்சை முட்டை, கழுவாத கறிப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். மொச்சை நாற்றம், முடை, ஊசல், சிக்கு என்று இன்னும் இருக்கின்றன. எங்கள் பாட்டி வீட்டுக்குள் நுழையும்போதே எது என்று சொல்லிவிடுவார். நான் "ஏதோ ஸ்மெல்" என்கிறேன். மூக்கு அதேதான்.

வாழைப்பழம் வாங்கிய கடையில் இருபது வயதுத் தமிழ்ப்பெண். தெமியார் பெண்ணிடம் மலாயில் சில்லறை கேட்டாள், பின்னால் நின்ற தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், சீனத்தில் ஏதோ சொன்னாள், என்னிடம் "மூனு வெள்ளி அக்கா" என்றாள். ரிங்கிட் என்று ஒரு தமிழர் வாயிலும் இன்னும் கேட்கவில்லை. ஃபோனில் யாரையோ திட்டும்போது மூன்றும் கலந்து வந்தது. மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ், மொழி தாவுவதைத் தப்பாகப் பார்க்காதீர்கள், எந்த இடத்தில் தாவுகிறார்கள் என்று பாருங்கள் என்றவர். பார்த்தேன். கணக்கு மலாய், கோபம் தமிழ். பேச்சின் கடைசியில் ஒட்டும் "லா" மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

கடை என்ற நம் சொல் மலாயில் கெடாய், கப்பல் காப்பால், மீசை மீசாய், முதல் மோடால். கொடுத்ததும் கொஞ்சமில்லை.

ஆறாம் நாள்

தோழி வந்துவிட்டாள். வந்ததும் முதல் வேலையாக முறை விவகாரத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் செம்பனை. காளியம்மன் கோயில் மட்டும் நடுவில் நிற்கிறது. "இங்க எங்க வீடு, இங்க குழாய், இங்க பெரட்டுக் களம்" என்று மரங்களுக்கு நடுவே கை காட்டிக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் நான் எழுதியது ஒரு வரி.

கிளம்பும்போது பாட்டி வேலியோரம். "பசியாறியாச்சா?" "ஆச்சு பாட்டி." பொய்தான், எதுவும் சாப்பிடவில்லை. பாட்டிக்கும் தெரியும், பொட்டலம் தயாராகக் கையில் இருந்தது.

ரயிலில் நோட்டைத் திறந்தேன். ஸ்வாதேஷின் நூறில் அறுபத்திரண்டு கட்டம் காலி. பின்பக்கத்திலிருந்து யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். உருண்டையான கையெழுத்து, அடிக்கோடு போட்ட தலைப்பு: "கோயம்புத்தூர் அக்கா பேசுறது."

டிபன் – பசியாற.
ரூபா – வெள்ளி.
வண்டி – காடி.
ங்க – எல்லாத்துக்கும் போடுறாங்க, பூனைக்கும்.
இங்க பாருங்க – மாமாவோட பேரு.
சும்மா – அர்த்தம் தெரியல. கேட்டா சும்மான்னு சொல்றாங்க.